டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடி

விசிலக்கா நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சிக்கு நான் போய்வந்த காலத்தில் காலையும் மாலையும் அந்த பஸ்ஸில்தான் போவேன். அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அவளுடைய அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் விசிலக்காதான்.

கூட்டத்தை நகர்த்துவதில் அவளுக்கு இணை கிடையாது. படியில் தொங்குகிறவர்களிடம், "உள்ள வாங்கப்பா, உள்ள புலி ஒண்ணும் இல்ல, நான்தான் இருக்கேன்" என்பாள். தொங்கியவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். மழை நாளில் நனைந்த குடைகளையெல்லாம் வாங்கித் தன் இருக்கைக்கு அடியில் போட்டுக்கொள்வாள். இறங்கும்போது யாருடைய குடை எது என்று ஒருமுறைகூட மாறியதில்லை. டீசல் வாடையும் ஈரத் துணி வாடையும் கலந்து இப்போது எங்காவது மூக்கில் பட்டாலும் எனக்கு அவள் குரல் கேட்கிறது.

டிரைவர் நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். அவர் தலைக்கு மேலே, உள்ளே இருக்கும் பயணிகளைப் பார்க்க அகலமான கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அக்கா நிற்பது பின்வாசல் பக்கம். இருவருக்கும் நடுவில் ஊரே நின்றுகொண்டிருக்கும். ஆகவே அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். அவள் புருவத்தை உயர்த்தினால், வயதானவர் யாரோ இன்னும் இறங்கி முடிக்கவில்லை. அவர் தாடையை அசைத்தால், முன்னால் நெரிசல், சுற்றிப் போகப் போகிறார்.

ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். டிரைவர் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்த நேரம், அவர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா இது? இதுல பஸ்ஸே தெரியல. ஒரே ஒரு பொம்பளதான் தெரியுது."

பஸ் முழுக்கச் சிரித்தது. திரும்பி வந்த டிரைவரின் காது மடல்கள் சிவந்துபோயின. கொஞ்ச நாளில் கல்யாணம் முடிந்தது. எப்போது பேசி முடிவு செய்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "எங்க பேசினோம்? அவரு கண்ணாடியத் திருப்பினாரு. நான் நகராம நின்னேன்" என்றாள்.

அவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வழி அவருடையது, ஆட்கள் அவளுடையவர்கள். எந்தத் தெருவில் திரும்புவது என்று அவள் சொல்ல மாட்டாள். யார் ஏறுவது, யார் இறங்குவது, எப்போது புறப்படுவது என்பதில் அவர் தலையிட மாட்டார். இதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். எங்கே குடியிருப்பது, மகளை எங்கே படிக்க வைப்பது எல்லாம் அவர். யாரை உள்ளே விடுவது, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் எல்லாம் அவள். வீடு நன்றாகத்தான் ஓடியது. இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் ஓடியது.

பிறகு அக்காவுக்கு முதுகுவலி வந்தது. உட்கார்ந்தே பழக்கமில்லாதவளுக்கு உட்காரவைக்கிற வலி என்று அவளே கேலி செய்தாள். எடை குறைந்தது. கண் மஞ்சளான பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அடைபட்ட பித்தக் குழாயில் சிறிய குழல் ஒன்றை வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது, அரிப்பு நின்றது. நோய் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மகள் என்னைக் கூப்பிட்டாள். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை அவளுக்கு. அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது என்றாள். போனேன்.

புற்றுநோய் மருத்துவர் இளம்பெண். பொறுமையாக எடுத்துச் சொன்னார். பரவிவிட்டதால் அறுவை சிகிச்சையால் பயனில்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் பலமான சிகிச்சை உண்டு. தாங்குகிற உடம்புக்குக் கூடுதல் காலம் கிடைக்கலாம், ஆனால் படுத்தி எடுக்கும். அதைவிட மென்மையானவையும் உண்டு. மரபணுப் பரிசோதனையில் ஏதாவது தெரியவந்தால் அதற்கேற்ற மாத்திரை கொடுக்கலாம். மருந்தே வேண்டாம் என்றாலும் வலி, சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றுக்கான சிகிச்சை கடைசிவரை இருக்கும். எதுவும் நோயை வேரோடு எடுக்காது என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில், உங்களுக்கு எது முக்கியம் என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் சுவரைப் பார்த்தார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பலமானதையே கொடுங்கள் என்றாள். யாரும் மறுக்கவில்லை. மகளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவளுக்குக் குறைந்த மருந்து போதும் என்று எந்தப் பிள்ளையின் வாயும் சொல்லாது.

முதல் சுற்று அவளைப் புரட்டிப் போட்டது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்து மறுபடியும் மருத்துவமனையில் படுத்தாள். குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஊசி குத்துவதுபோல இருந்தது. குழாயைத் திறக்கக் கையுறை போட்டுவிட்டேன், குடிக்க வெதுவெதுப்பாகவே கொடுத்தேன். ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் பிடிபடவில்லை. வாய் மட்டும் பழையபடி இருந்தது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் வாழ்க்கையே ஒரு பயணம்தான் என்று ஆரம்பித்தார். "அப்ப டிக்கெட்ட எடுங்க" என்று அக்கா கையை நீட்டினாள்.

ஆனால் அவளுக்கு இது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. டிரைவரிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "அவ உடம்பும்மா. ஏறுறதும் இறங்குறதும் அவ சொல்லணும். நான் எப்படிச் சொல்றது?" என்றார். அக்காவின் பாதத்துக்குக் களிம்பு தடவும்போது அவளிடமும் கேட்டேன். "அவரு ஓட்டுற வழி. பாதியில போய் ஸ்டியரிங்கப் பிடிக்கச் சொல்றியா?" என்றாள்.

இரண்டு பேரும் பேசுங்கள் என்று மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தேன். அவர் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினார். அவள் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள். பார்க்கிறேன் என்றார். பேச்சு அவ்வளவுதான். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு முகத்துக்கு முகம் பேசத் தெரியவில்லை என்பது எனக்கு அன்று புரியவில்லை.

தள்ளிப்போன இரண்டாம் சுற்றுக்குப் போகிற நாளில் மகளுக்கு அலுவலகத்தில் தவிர்க்க முடியாத வேலை. டிரைவர் பழைய காரை எடுத்தார். முதுகுக்குத் தலையணைகள் வைத்து அக்காவைப் பின்னால் உட்கார வைத்தேன், பக்கத்தில் நான். அவர் கையை உயர்த்திக் கண்ணாடியைச் சரிசெய்தார். சாலையைப் பார்க்க அல்ல, அக்கா பக்கமாகத் திருப்பினார்.

மருத்துவமனைக்கு முந்தின சிக்னலில் வண்டி நின்றது.

"டிரைவரே" என்றாள் அக்கா.

கண்ணாடியில் அவர் கண்கள் நிமிர்ந்தன.

"இந்த மருந்து வேணும்னு நீங்களா சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"வழி உங்க இலாகா இல்லியா?"

"இறங்குறது யாரோட இலாகா?"

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் நகரவில்லை.

"அப்ப இவ்ளோ நாளா வண்டிய ஓட்டுனது யாரு?"

"நம்ம பொண்ணு."

"அவளுக்கு லைசென்ஸே இல்லியே."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிரைவர் மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையை முன்னால் நீட்டி, முதலில் வண்டியை எடுங்கள் என்றேன். வண்டி போய்க்கொண்டிருந்தபோது அக்கா மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு நாள் வேணாம்னு இல்ல. வேணும். ஆனா அந்த நாள்ல நான் இருக்கணும். போன மாசம் பூரா படுக்கைதான் இருந்துச்சு, நான் இல்ல. உங்களுக்கு என்ன வேணும்?"

"நீ வீட்ல பேசிக்கிட்டிருக்கணும்" என்றார் அவர்.

மருத்துவரிடம் முதலில் வாயைத் திறந்தது டிரைவர்தான். இதைவிட மெதுவாகப் போகிற வழி எது என்று கேட்டார். மரபணுப் பரிசோதனை முடிவு வந்திருந்தது, கைகொடுக்கும்படி அதில் எதுவும் இல்லை. ஒற்றை மருந்து கொடுக்கலாம், காலம் குறையலாம், ஆனால் எழுந்து நடமாடலாம் என்றார் மருத்துவர். முதுகுவலிக்கு, வலி கடத்தும் நரம்பை அடக்க ஓர் ஊசி, செரிமானத்துக்கு ஒவ்வொரு சாப்பாட்டோடும் கேப்ஸ்யூல். நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். எப்போது வேண்டுமானாலும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்றார் மருத்துவர்.

மாலையில் மகள் அழுதாள். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கோபம். அக்கா அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ ஏத்திவிட்ட பஸ்தான் கண்ணு. ஸ்பீட மட்டும் கொறச்சிருக்கோம்."

அதன்பின் வந்தது நல்ல காலம். வலி அடங்கியது. சாப்பாடு உடம்பில் ஒட்டியது. பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, எனக்கு எப்படித் துணி மடிப்பது என்று பாடம் எடுத்தாள். சாயங்காலங்களில் டிரைவர் எங்களைப் பழைய வழித்தடத்திலேயே காரில் கூட்டிப்போவார். முன்னால் போகும் பஸ்ஸின் கண்டக்டரைப் பார்த்து, "கெழவர் கால் தரையில படல, அதுக்குள்ள விசில் அடிக்கிறான் பாரு, அவசரக்குடுக்கை" என்பாள். ஒருமுறை ஒரு பஸ்ஸை நிறுத்தி நாங்கள் மூவரும் ஏறினோம். இளம் கண்டக்டரிடம், உள்ளே நகரச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். யார் இந்த அம்மா என்பதுபோல அவன் அவளைப் பார்த்தான். பயிற்சிக்குப் போகும் பெண்ணாக நான் மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டு மட்டும் ஒத்துழைக்கவில்லை.

பிறகு எடுத்த ஸ்கேனில் மருந்துக்கு நோய் கட்டுப்படவில்லை என்று தெரிந்தது. வேறொன்றை முயன்று பார்க்கலாம், கட்டாயமில்லை என்றார் மருத்துவர். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கைப்பையைத் துழாவி, பழைய விசிலை எடுத்து உதட்டில் வைத்தாள். மூச்சு போதவில்லை. மெலிதாக ஒரே ஒரு சத்தம் வந்தது.

டிரைவர் ஓரம் கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

"போதுமா?" என்றார், கண்ணாடியில்.

"போதும்."

அதற்குப் பிறகு வலி மருந்தும் என் கைகளும்தான். வீட்டிலேயே, ஒரு மத்தியான வேளையில், மகளும் அவரும் பக்கத்தில் இருக்கும்போது போனாள். முந்தின நாள்வரை பேசிக்கொண்டிருந்தாள். கேட்டது அவருக்குக் கிடைத்தது.

இப்போது என் மூட்டுவலிக்கு மருத்துவரிடம் அவர்தான் காரில் அழைத்துப் போகிறார். நான் முன்னால் உட்காருகிறேன். அந்தக் கண்ணாடி இன்னும் பின்னிருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னால் வருகிற வண்டி எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பக்கத்துல ரெண்டு கண்ணாடி இருக்கேம்மா" என்றார்.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.