ரயில் வராத வயல்

ஒரு ஜப்பான்காரர் காரணமே இல்லாமல் தன் ஊர்க் கதையைச் சொல்வார் என்று நான் நம்பவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். பிறந்தது பிள்ளைப்பாக்கம். வெளியாள் இனிக்க இனிக்கப் பேசினால் அடுத்து நிலத்தைத்தான் கேட்பான் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரியும்.

அவர் கம்பெனிக்கு ஆலோசகராக வந்தவர், வயதானவர். வாரக் கூட்டம் முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்துத் தன் ஊர் ரயிலின் சரித்திரத்தைச் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். அரசாங்க ரயில் இல்லை, தனியாருடையது. இரண்டே பெட்டி. ஆற்று மணலும் கூழாங்கல்லும் ஏற்றிப்போகத்தான் முதலில் தண்டவாளம் போட்டார்களாம். மணல் தீர்ந்தது. சரி, ஆட்களை ஏற்றலாம் என்றால் அந்தப் பக்கம் ஏறுவதற்கு ஆளே இல்லை. ரயில் கம்பெனி சளைக்கவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய வயல்களை வாங்கி மனை போட்டு விற்றது. குடிவந்தவர்கள் தினமும் ரயிலேறி வேலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி காலியாக ஓடக்கூடாதென்று ஒரு கோடியில் பெரிய கடையும் மறுகோடியில் பூங்காவும் கட்டியது.

"இன்னா மேடம், இங்க ரயில் வுடப் போறாங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க வருகிற மனிதர், ஆசைப்படத்தானே செய்வார். ஆலோசகர் சிரித்து, சும்மா சொன்னேன் என்றார். சும்மாவாம். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள், உங்கள் ஊர் வயலைப் பார்க்கலாமா என்றார். வந்துவிட்டது விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு மிச்சமிருப்பது ஒரே வயல். சுற்றிலும் மனைக்கல் நட்டாயிற்று. அண்ணன் விற்கத் துடிக்கிறான், அப்பா பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார். நான் மறுத்தால் ஏதாவது புரோக்கரோடு போவார். அதைவிட என் கண்ணெதிரே வந்து போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கம்பெனி காரில் கூட்டிப்போனேன்.

வரப்பில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். கண்ணாலேயே அளக்கிறார் என்றுதான் தோன்றியது. அப்பாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: "சுற்றியுள்ள நிலமெல்லாம் போனபோது உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?"

அப்பா இல்லை என்று தலையாட்டினார். ஆலோசகர் மேலே சொன்னார்: அவர்கள் குடும்பத்து வயல் இருந்த இடத்தில்தான் அந்த ரயிலின் பிளாட்பாரம் இருக்கிறதாம். காட்டை ஊராக்கியது ரயில்தான் என்று கம்பெனிக்காரர்கள் இன்றைக்கும் பெருமை பேசுகிறார்களாம். "காடு இல்லை. அங்கே நெல் விளைந்தது" என்றார். அப்போதும் நான் முழுதாக நம்பிவிடவில்லை.

"ஸ்டேஷனுக்கு இவுங்க ஊட்டுப் பேரையாவது வச்சாங்களாமா, கேளு" என்றார் அப்பா. மனை விற்கும்போது கம்பெனி வைத்த ஏதோ பூந்தோட்டப் பெயர்தான் ஸ்டேஷனுக்கும் என்று அவர் சொல்ல, அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வயலைச் சுற்றிப் போட்ட மனைகளுக்கும் பெயரெல்லாம் ஏதோ ஒரு கார்டன்தான்.

ஆனால் எங்கள் ஊரில் வரப்போரம் கார் நின்று, அதிலிருந்து வெளிநாட்டுக்காரர் இறங்கினால் விலை பேசி முடிந்தது என்று அர்த்தம். அவரை அனுப்பிவிட்டு நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் கூட்டம். "இன்னாய்யா, குடுத்துட்டியாமே?" என்று பங்காளிகள் கேட்டார்கள். அண்ணன் எதையும் மறுக்காமல் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உனுக்குப் பங்கு வேணும்னா நேரா கேட்டிருக்கலாமேம்மா. எதுக்கு ஜப்பான்காரன இட்டாந்த?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, சத்தியமா இல்லப்பா. அவரு என்ன பண்றாருன்னு பாக்கத்தான் கூட வந்தேன்."

"சரிம்மா" என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது.

வயல் இன்னும் எங்களுடையதுதான். நான் அந்தப் பக்கம் போனால் மட்டும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வருகிறார்.