நடுங்கிக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்காரர்கள் புதிதாக ஒரு நாய் வளர்க்கிறார்கள். அதற்காகக் காலையில் கோழிக் காலையும் தலையையும் மஞ்சள் தூள் போட்டு வேகவைக்கிறார்கள். அந்த வாடை படிக்கட்டு வழியாக ஏறி வரும்போது மற்ற வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள். நான் மட்டும் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். "அப்படி என்னதான் இருக்கு அந்த நாத்தத்துல?" என்று என் மனைவி கேட்கிறாள். அதில் ஒரு முந்திரித் தோப்பும் மூடிப்போன ஒரு கோழிப் பண்ணையும் இருக்கின்றன என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். அதனால் சிரித்து மழுப்பிவிடுகிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

நெய்வேலி நகரியத்திலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில், முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது அந்தப் பண்ணை. பிராய்லர் கோழி வளர்த்து நொடித்துப்போன ஒருவரின் கொட்டகை. நகரியத்து ஆட்கள் சிலர் சேர்ந்து அதை எடுத்து, அடிபட்ட நாய்களையும் கேட்பாரற்ற நாய்களையும் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். எல்லோருக்கும் அவர் மேடம். நான் அப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற வேலை. ஷிப்ட் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது ஒருநாள் அந்தக் கொட்டகை வாசலில் சைக்கிள் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டிருந்தவனை மேடம் கூப்பிட்டு, "தம்பி, டாக்டர் ஊசி போடறார். இதைக் கொஞ்சம் பிடிச்சிக்கிறீங்களா?" என்றார். பிடித்தேன். அதற்கப்புறம் செயின் ஒழுங்காக இருந்த நாட்களிலும் என் சைக்கிள் அங்கே நிற்க ஆரம்பித்தது. அண்டா அண்டாவாகக் கோழிக்காலும் அரிசியும் வேகும். கிளறுகிற வேலை எனக்கு வந்தது. கரி அள்ளுகிறவனுக்குக் கரண்டி என்ன பெரிய கனமா.

நடுங்கி அங்கே வந்தது ஒரு மழைக்காலத்தில். நகரியத்தில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாப்பில் பல நாட்களாகக் கிடந்தாள் என்று யாரோ ஆட்டோவில் ஏற்றிவந்து விட்டுப் போனார்கள். நாயைப் போய் அவள் இவள் என்கிறானே என்று நினைக்காதீர்கள், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். வந்த நாளிலிருந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சுவரோடு ஒண்டிக்கொண்டு நடுங்கினாள். யாராவது குனிந்தால் அங்கேயே மூத்திரம் போய்விடும். முன்னங்காலைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள். யாரும் பார்க்காதபோது ரெண்டு வாய் சாப்பிடுவாள், மற்ற நாய்கள் குரைத்தால் அதையும் கக்கிவிடுவாள். அவளுக்குப் பேர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. நடுங்கி என்றே ஆகிவிட்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வியாதி ஒண்ணும் இல்ல மேடம். பயம்தான். இத்தனை சத்தத்துல இது தேறாது. ஒரு வீடு பாருங்க, சீக்கிரம் பாருங்க. இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நான் வேறு ஒரு காரியத்தில் இருந்தேன். டிரம்முக்கு முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கையைப் பின்னால் நீட்டி சோற்றை வைத்துக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பல நாள் கை மரத்துப்போனதுதான் மிச்சம். ஒரு சாயங்காலம் விரல் நுனியில் ஈரமாக ஏதோ பட்டது. உள்ளங்கையில் இருந்த சோறு காலியானது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கையால் ஹேண்டில்பாரைப் பிடிக்காமல் ஒற்றைக் கையால் ஓட்டினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேலையில் நிரந்தரம் இல்லை, இடத்தில் நிரந்தரம் இல்லை, சூப்பர்வைசர் மாறினால் என் பேரும் மாறிவிடும். அவருக்கு முருகன், இவருக்கு ஏய். அப்படிப்பட்டவன் கையிலிருந்து மட்டும்தான் ஒரு ஜீவன் சாப்பிடுகிறது என்றால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

அதனால் அவளைப் பார்க்க வந்தவர்கள் யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை. மேடம் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஒருவர் மாடி வீட்டுக்காரர், புண்ணுக் காலோடு படி ஏற முடியுமா என்று கேட்டேன். இன்னொருவர் வீட்டில் நாலு பிள்ளைகள், பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெண் கொடுக்கிற அப்பனைப் போல ஒவ்வொருவரிடமும் குற்றம் கண்டுபிடித்தேன். மேடத்துக்கு என் விஷயம் தெரிந்துவிட்டது. என்னிடம் சொல்லாமல் ஒருநாள் நான் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்து அவளை வடலூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர், பெரிய வீடு. சாயங்காலம் காலியான டிரம் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் கடைக்காரரே அவளைத் திரும்பக் கொண்டுவந்தார். "கட்டிலுக்கு அடியில போனதுதாங்க, வெளியவே வரல. ஒரு பருக்கை திங்கல. பாவம், பயந்துகினே செத்துடும்னு தோணிச்சு" என்றார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

"நானே வச்சிக்கிறேன் மேடம்" என்று அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

எங்கள் வீடு முத்தாண்டிக்குப்பத்தில் காலனித் தெருவின் கடைசி. அம்மா நாய்க்கு விரோதி இல்லை, ஆட்டுக்குட்டிகளைத் தொடாமல் இருந்தால் சரி என்றாள். பழைய சாக்கை மடித்துப் போட்டு, சட்டியில் சோறு வைத்து, நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கை மரத்தது, மடங்கியது, எறும்பு ஏறியது. அவள் வரவில்லை. கட்டை வண்டிக்கு அடியில் போய், தெருவைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டே இருந்தாள். தெரு நாய்கள் சுற்றி நின்று குரைத்தன. என் கையிலிருந்து சாப்பிட்டவள் என் வீட்டில் என் கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலைக் கடிப்பது இன்னும் கூடியது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள். "நீ இன்னா பண்ணாலும் அதுக்கு நம்ம வூடு புடிக்கலடா. எலும்பும் தோலுமா ஆயிகினு வருது. கொண்டும்போய் வுட்டுடு."

நம்ம வூடு பிடிக்கவில்லை என்பதை மனிதர்கள் சொல்லிக் கேட்டுப் பழக்கம்தான். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அதைத்தானே சொன்னார்கள், வேறு வார்த்தையில். நாயும் சொன்னதைத்தான் தாங்கமுடியவில்லை.

அடுத்து வந்தவன் குணா. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவனும் ஒன்றாக அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அவனுக்கு பர்மனெண்ட் ஆனது, எனக்கு ஆகவில்லை. அவனுக்கு கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்தது, சுமதியோடு கல்யாணம் ஆனது. ஒரே பள்ளத்தில் ஒரே கரிப்புழுதியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மேலே வருவோம். அவன் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டுவான், நான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருப்பேன். அவன்மேல் எனக்குப் பிரியமும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அவனோடு டீ குடித்திருக்கிறேன். அந்த குணா, "மச்சான், சுமதி நாய் வேணும்னு கேட்டுகினே இருக்குது. உன்னாண்ட ஒண்ணு இருக்குதாமே" என்று வந்து நின்றான். இருப்பதில் இது ஒன்றுதான் பாக்கி, இதையும் எடுத்துக்கொள் என்று சொல்லத் தோன்றியது. நடுங்கியின் விலா எலும்பைப் பார்த்தேன். சரி என்றேன்.

குட்டி யானை லோடு வண்டியில் பின்னால் அவளோடு நான் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் என் மடிக்குள் தலையைப் புதைத்து நடுங்கினாள். அங்கேயும் இவள் சாப்பிடப் போவதில்லை, நாலு நாளில் திரும்ப வரத்தான் போகிறாள் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. குணாவின் பிளாக்கில் வண்டி நின்றது. நெய்வேலிக்குப் போயிருந்தால் அந்த வரிசை வீடுகள் உங்களுக்குத் தெரியும். முன்னால் சின்ன கேட், ஒரு பக்கம் நடை, பின்னால் துவைக்கிற கல், அதற்குப் பக்கத்தில் குழாய், ஒரு பலா, ஒரு முருங்கை. கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டேன்.

நடுக்கம் நின்றது.

மூக்கைத் தூக்கினாள். மடிந்திருந்த காதுகூட நிமிர்ந்தது போலிருந்தது. கயிறு என் கையிலிருந்து நழுவியது. கேட்டைத் தலையால் முட்டித் திறந்து, யாரையும் பார்க்காமல், வீட்டின் ஓரமாக நடந்து பின்பக்கம் போனாள். நாங்கள் ஓடினோம். துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அதில் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுப் படுத்தாள். அதற்கு முன்னால் அந்த வீட்டை அவள் பார்த்ததே கிடையாது.

குணா தன் கைராசி என்று நினைத்துக்கொண்டான். சுமதிதான் பார்த்துக்கொண்டே நின்றாள். நகரியத்திலேயே பிறந்து வளர்ந்த பெண். அவள் அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனவர். "இது தெரு நாய் இல்லண்ணா" என்றாள். "யாரோ காலி பண்ணும்போது விட்டுட்டுப் போன நாய். எங்கேயோ வேற பிளாக்ல இதே டைப் வீட்ல இருந்திருக்கு. எல்லாம் ஒரே மாதிரிதானே. நானே ஃபிரண்ட் வீட்டுக்குப் போனா கேக்காமலே நேரா தண்ணிப் பானைகிட்ட போயிடுவேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த வரிசையில் ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் தூக்கக் கலக்கத்தோடு நாலு வீடு தள்ளி நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மாவும் கூச்சத்தில் ஒன்றும் சொல்லாமல் காபியைக் கொடுத்துவிட்டாளாம். குடித்து முடித்தபிறகுதான் காலண்டரைப் பார்த்து எழுந்து ஓடினார். மனிதனே ஏமாறுகிற இடம். நாங்கள்தான் நல்ல ஆள் நல்ல ஆள் என்று தேடிக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஆள் தேவைப்படவில்லை, துவைக்கிற கல் தேவைப்பட்டிருக்கிறது. வடலூரில் அது கிடையாது. எங்கள் வீட்டில் வேலியோரம் பலகைக் கல் ஒன்று உண்டு, அது இடுக்கு இல்லாத கல்.

அன்றைக்கே அவள் சட்டியில் இருந்ததை நக்கித் தீர்த்தாள். நான் முதுகைக் காட்டவில்லை, எதிரேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு என் கையை ஒருதரம் முகர்ந்தாள், சுமதியின் கையையும் அதே அளவுக்கு முகர்ந்தாள். சந்தோஷப்பட்டேன், அது நிஜம். ஆனால் சைக்கிளில் திரும்பும்போது வயிறு எரிந்ததும் நிஜம். குணாவுக்குக் கிடைத்ததில் பாதியை எப்படியோ ஜீரணித்திருந்தேன். நாய்க்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அவர்கள் அவளுக்கு ராணி என்று பேர் வைத்தார்கள். நான் போனால் நடுங்கி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டுக்கும் வாலாட்டுவாள்.

பிறகு நான் கான்ட்ராக்ட் முடிந்து சென்னைக்கு வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து குணா போன் பண்ணினான். பிரமோஷன், பெரிய டைப் வீடு. ராணியையும் அழைத்துப் போனார்களாம். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். பழைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், புதிதாகக் குடிவந்தவர்களின் துணியை அலசிய தண்ணீர் வழிகிற அந்தக் கல்லுக்குப் பின்னால் படுத்துக்கிடக்கிறாள். மூன்று தடவை தூக்கிவந்தும் மூன்று தடவையும் போய்விட்டாள். குடிவந்தவர்கள் இருக்கட்டுமே என்றுவிட்டார்கள். "அத்தினி வருஷம் சோறு போட்டேன் மச்சான்" என்றான். "அவளுக்கு நானும் கான்ட்ராக்ட்தான்டா."

ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் இனித்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்திலாவது நாங்கள் இருவரும் ஒரே கிரேடில் வந்து சேர்ந்தோம்.

அந்தக் குடும்பமும் போய், அடுத்ததும் வந்து, நடுங்கி அங்கேயே கிழவியாகிச் செத்தாள். கல்லுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள் என்று சுமதி சொன்னாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்று குணாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கோழிப் பண்ணை இருந்த இடத்தில் யாரோ மனை போட்டிருக்கிறார்கள். மேடம் மகனோடு எங்கோ போய்விட்டாராம். நகரியத்தில் அந்தப் பழைய வரிசையே இல்லை, இடித்துவிட்டார்கள். சுவர் இல்லை, கேட் இல்லை, கல் இல்லை. பலா மரங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வீட்டு அளவு இடைவெளி. எது நம்ம வீடு என்று குணா மரத்துக்கு மரம் நடந்து பார்த்தான். அவன் அதில் குடியிருந்தவன். அவனுக்கே தெரியவில்லை.

நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். சென்னைக்கு வந்து எத்தனை வாடகை வீடு மாறியாயிற்று. அதில் ஏதாவது ஒன்றின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் யாரையும் கேட்காமல் உள்ளே நடந்து, பின்பக்கம் போய், மூச்சு விட்டுப் படுப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன். இப்போது எனக்கு குணாமேல் பொறாமை இல்லை. நடுங்கிக்கு மட்டும் அப்படி ஓர் இடம் கிடைத்ததே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.