இறக்கைக்கு முறுக்கு வைத்தவன்

எங்கள் வேலையில் ஒரு பொருளைக் கோணலாக்கிவிட்டு, அது சரியான கோணல்தானா என்று அளந்து பார்க்க வேண்டும். முத்தியால்பேட்டையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த என்னை, பிரான்சு ராணுவத்தில் ஓய்வு பெற்ற முருகையன் முசியே (பிரெஞ்சில் ஐயா) தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு சீட் விமானம் கட்டக் கூப்பிட்டார். இறக்கை நுனியின் பின்விளிம்பு சற்றே தூக்கியிருக்க வேண்டும்; அப்போதுதான் வேகம் குறைந்தாலும் நுனி காற்றின் பிடியை விடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு. தவறினால் ஒரு பக்கம் சாய்ந்து விழும். சுவரில் காலண்டர் கோணினாலே தாங்காத உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கொத்தனார் செய்த உதவி

இறக்கையைத் தாங்கும் கம்பியின் முனையைத் திருகினால் முறுக்கு கூடும், குறையும். காலை முழுக்கத் திருகி, அளந்து, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் இடது இறக்கை பலகை மாதிரி நேராக இருந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் என் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோணலா கெடந்துச்சுண்ணே. நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிட்டேன்."

மதியம் ஒன்று, மாலை ஒன்று

மறுபடி திருகினேன். மதியம் பார்த்தால் இடது நுனி தாழ்ந்திருந்தது. ஏற்றினேன். மாலையில் அதே நுனி அளவுக்கு மீறித் தூக்கி நின்றது. இப்படியே சில நாள். மட்டக்கருவியைச் சந்தேகப்பட்டேன், பிறகு என் கண்ணை. கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி அந்த நுனியின் மேல்பக்கம் பார்த்தேன். சாக்கு விரித்து ஒரு கூடை நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. முசியேவின் மனைவி செல்வி, கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண். மதியம் பரப்பி, மாலையில் அள்ளிவிடுவாராம்.

"வெயிலு அங்கதான் நல்லா விழுது. பூனையும் ஏறாது."

பக்கத்து சீட்

முதல் பறப்பன்று முசியே தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. செல்வி விடவில்லை. தங்கள் ஊரில் படகு கட்டியவர்தான் முதல் தடவை கூடப் போவார் என்றார். இது படகில்லையே என்றேன்.

"அதான் சொல்றேன். போட்டுல இருந்து விழுந்தா நீந்தலாம்."

இரண்டு இறக்கையையும் மறுபடி அளந்தேன். சரியாக இருந்தது. இன்னொரு முறையும் அளந்தேன், பயம், வேறொன்றுமில்லை. ஸ்பேனரைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். மேலே போய் முசியே வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். விமானத்தின் மூக்கு கவிழ்ந்தது. இறக்கைகள் ஒரு பக்கமும் சாயவில்லை. இறங்கி வந்து ஸ்பேனரை வாங்கினேன். செல்வி பிடித்திருந்த பிடியில் அது சூடேறியிருந்தது. கணவரைப் பார்த்தார், பிறகு இறக்கையை.

"இனிமே அதுல கருவாடு போட மாட்டேன்."

அன்றிலிருந்து எந்த வேலையையும் அதில் நானே ஏறப்போவதாக நினைத்துத்தான் செய்கிறேன். கூலி அதேதான், தூக்கம்தான் குறைந்துவிட்டது.