உப்பிய மூடியும் நாலு பாட்டில் பலாச்சுளையும்

2009-இல் சிதம்பரத்தில் பத்து நாள் வகுப்புக்குப் போய், பழங்களைப் பாட்டிலில் அடைத்துக் கெடாமல் வைக்கக் கற்றுக்கொண்டேன். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய பிறகு, தெருவில் யார் வீட்டு ஜாம் என்றாலும் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தேன். மூடியைத் தட்டிப் பார்ப்பேன், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன், "கொட்டிடுங்க" என்பேன். யாரும் கேட்காமலேதான்.

கடலூரில் இருந்த என் கணவரின் அக்காவுக்குக் கோடைதோறும் அன்னாசி ஜாமும் பாகில் போட்ட பலாச்சுளையும் அனுப்புவேன். வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. நான் அண்ணி என்று கூப்பிடும் அவரும் பாட்டிலைக் கழுவி, முறுக்கு போட்டு அனுப்புவார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த முறை இரண்டு பாட்டில் கூடுதலாக அனுப்புவேன்.

பலாவில் புளிப்பு போதாது, கெடாமலிருக்க சிட்ரிக் ஆசிட் சேர்த்தே ஆகவேண்டும் என்று வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் சேர்த்தேன். "புளிக்குது" என்று கணவர் முகம் சுளித்ததால் மூன்றாம் வருடம் விட்டுவிட்டேன். சான்றிதழ் வாங்கியவளுக்கு எதற்கு அளவு?

மூன்று வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வைத்துக்கொண்ட பலாச்சுளைப் பாட்டிலின் மூடி உப்பிவிட்டது. உப்பினால் நாக்கில்கூட வைக்காதீர்கள், வாசனை நன்றாக இருந்தாலும் ஆளைக் கொல்லும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவள் நான். அதோடு சேர்த்து அன்றைக்கே அடைத்த நாலு பாட்டில் கடலூரில் அண்ணி வீட்டில் இருந்தன. போனை எடுத்தேன். அப்போதும் சான்றிதழின் மானம் போகாமல் எப்படிச் சொல்வது என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அண்ணி, அந்தப் பலாச்சுளைய சாப்டீங்களா?"

"ம்... ரொம்ப நல்லாருந்துச்சும்மா."

எனக்கு உயிரே போய்விட்டது. "எல்லாரும் ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணி. அது கெட்டுப்போச்சு. தப்பு என்மேலதான்" என்று அழுதேன்.

"அழுவாத. நாங்க யாரும் சாப்புடல. தோட்டத்துல குழி வெட்டி ஊத்திட்டேன்."

"மூடி உப்பியிருந்துச்சா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? மூணு வருஷமா நீ அனுப்புறத எல்லாம் அங்கதான ஊத்துறேன். சொன்னா ஒனக்கு மனசு கஷ்டமாவும்னுதான்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எல்லாரும் பிழைத்தார்கள் என்ற நிம்மதியில் மறுபடியும் அழுதேன்.

சாயங்காலம் அண்ணி வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் கோபம் வந்தது. அந்த அன்னாசி ஜாம் நிஜமாகவே நன்றாக இருந்தது.