காலி சீட்டோடு கிளம்பிய பஸ்

பதினான்கு. இந்த எண்ணை மறக்காதீர்கள். உகாண்டாவின் கம்பாலாவில் டாக்சி என்றால் பதினான்கு சீட் வேன். பதினான்கும் நிரம்பினால்தான் சாவி திரும்பும். உள்ளே பதின்மூன்று பேர் வெந்துகொண்டிருந்தாலும் சரி, அதில் ஒருவர் அமைச்சராகவே இருந்தாலும் சரி, பதினான்காவது ஆள் வரும்வரை டிரைவர் வெளியே நின்று பல் குத்திக்கொண்டிருப்பான்.

தியோபிஸ்டா நாந்தெஸா இளவயதில் இந்த எண்ணை வைத்துத்தான் வயிறு வளர்த்தாள். அவள் வேலை, சும்மா உட்காருவது. காலி வேனில் யாரும் ஏறமாட்டார்கள். எப்போது நிரம்பும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் டிரைவர் கூலி கொடுத்து நாலைந்து பேரைப் பயணி மாதிரி உள்ளே உட்காரவைப்பான். நிஜப் பயணி ஏற ஏற இவர்கள் ஒவ்வொருவராக, "ஐயோ, பையை மறந்துட்டேனே" என்று இறங்கி அடுத்த வேனுக்குப் போவார்கள். ஏமாற்று வேலைதான். டாக்சி பார்க்கில் அதற்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் பசிக்கும். மடியில் கூடையும் முகத்தில் அவசரமுமாகத் தியோபிஸ்டா உட்கார்ந்தால், இவள் சாவுக்குப் போகிறாள் என்று எவனும் சத்தியம் செய்வான். அப்படி ஒரு நடிப்பு.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஓவினோ சந்தையில் டீயும் சப்பாத்தியும் விற்கிறாள். பார்க்கை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் பஸ் என்ற பொருளைப் பற்றித் தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவள் கட்சி.

சந்தைப் பெண்கள் சங்கம் வருஷக் கடைசியில் எங்காவது போகும். அந்த வருஷம் வெளிநாடு, ருவாண்டா, கிவு ஏரிக்கரை என்று முடிவானது. உடனே கவூயா வந்து நின்றார். டை கட்டிய சுற்றுலா ஏஜென்ட்.

"வெளிநாடுன்னா விளையாட்டா? கைடு இல்லாம போனா பார்டர்லயே அழுதுக்கிட்டு நிப்பீங்க" என்றார்.

தியோபிஸ்டா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "கம்பாலாவிலிருந்து கிகாலிக்கு பஸ். கிகாலியிலிருந்து ரூபாவுக்கு பஸ். ரூபாவுல ஏரி. இதுல கைடு எதுக்கு? ஏரி எங்கன்னு கை நீட்டிக் காட்டவா?"

பெண்கள் சிரித்தார்கள். தலைவி இமெல்டா நாபுகீரா சிரிக்கவில்லை. அவள் கருவாடு விற்பவள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் எல்லோரும் அவளை மரியாதையாக நாலோங்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயிலிருந்து வந்தால் அது தீர்ப்பு.

"முதல்ல நீயும் நானும் போவோம், தியோ. நீ போட்ட வழியில. நான் சங்கடமில்லாம போய் ஏரியைப் பாத்தேன்னா, டிசம்பர்ல எல்லாரும் உன் வழி. ஒண்ணு, ஒரே ஒண்ணு தப்பாச்சுன்னா கவூயா வழி. அப்புறம் நீ பேசக் கூடாது."

"பேசமாட்டேன், நாலோங்கோ. தப்பாகவும் ஆகாது."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வழி போட்டாள். டீ குடிக்க வரும் லாரி டிரைவர்களைப் பிடித்துவைத்துக் கேட்டாள். எந்த ஊரில் கன்னியர் மடத்து விடுதி, எந்த பஸ் கம்பெனிக்காரன் மலை வளைவில் மெதுவாகப் போவான், திரும்பும்போது எந்தப் பார்டரில் கூட்டம் குறைவு என்று எல்லாம் கேட்டாள். கவூயா மாதிரி ஒரே பஸ்ஸில் கட்டிவைத்து இழுத்துக்கொண்டு போகிற திட்டமில்லை. ஊருக்கு ஊர் இறங்கி, பிடித்தால் தங்கி, அடுத்த வண்டியை அங்கேயே பிடிப்பது. நம் காலில் நாம் போவது.

பார்டரிலேயே முதல் அடி. ருவாண்டாவில் பாலித்தீன் பைக்குத் தடை. இமெல்டா வழிக்கென்று வறுத்து வந்த வேர்க்கடலையைக் காவலர் காகிதத்தில் கொட்டிக் கொடுத்துவிட்டு, பையை மட்டும் பிடுங்கிக்கொண்டார்.

"இது உன் காலண்டர்ல இல்லையாடி?" என்றாள் இமெல்டா, காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"கடலை இருக்குல்ல? பைதானே போச்சு. இதெல்லாம் தப்புக் கணக்குல வராது."

"வராதுன்னு நீ சொல்லாத. நான் சொல்லணும்."

காலையில் கிகாலியின் பெரிய பஸ் நிலையத்தில் இறங்கினார்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடும். தியோபிஸ்டா தெருவைத் தாண்டும்போது தப்பான பக்கமே பார்த்தாள். இமெல்டா அவளைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இதையும் கணக்கில் சேர்க்கவில்லை, புண்ணியவதி.

ரூபாவுக்கு டிக்கெட் எடுத்தார்கள். பஸ் தயாராக நின்றது. தியோபிஸ்டா உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு மூட்டையே இல்லை. இன்னொரு பெண் காலில் வீட்டுச் செருப்பு. ஒரு பையன் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறான். தியோபிஸ்டாவுக்குச் சிரிப்பு வந்தது. தன் பழைய தொழில் இங்கேயும் நடக்கிறது!

"நாலோங்கோ, நீங்க ஏறி ஜன்னலோரம் உக்காருங்க. பையெல்லாம் மடியில வச்சுக்கங்க. நான் போய் கறி வாங்கிட்டு வரேன்."

"வண்டி கிளம்பிடாதா?"

"இதா? உள்ள பாதிப் பேர் கூலி ஆளுங்க. அந்த மூட்டையில்லாத ஆளைப் பாருங்க. எனக்குத் தெரியாதா அந்த மூஞ்சி? இது நிரம்ப மத்தியானம் ஆகும். காலி சீட்டோட கிளம்புற பஸ் இன்னும் பொறக்கல."

கம்பியில் கோத்த ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கருகட்டும் என்று நின்று, உப்பும் மிளகாயும் கேட்டு வாங்கி, சுட்ட வாழைக்காய்க்குப் பேரம் பேசி, நிதானமாகத் திரும்பினாள்.

பஸ் நின்ற இடத்தில் வேறு பஸ் நின்றது.

டிக்கெட் கொடுத்த பெண் சின்ன வயதில் கம்பாலாவில் வளர்ந்தவள். கம்பாலா பாஷையான லுகாண்டா பேசினாள்.

"ந்யாபோ, அம்மா, அது போயாச்சு."

"எங்க போயாச்சு? பெட்ரோல் போடவா?"

"ரூபாவுக்கு."

"காலி சீட்டோடயா?"

"காலி சீட்டுக்கு யாரு காத்திருப்பா? டிக்கெட்ல நேரம் போட்டிருக்கே, பாக்கலையா?"

தியோபிஸ்டா டிக்கெட்டைப் பார்த்தாள். போட்டிருந்தது. அவள் ஊரில் டிக்கெட்டில் போட்ட நேரம் அலங்காரம். கல்யாணப் பத்திரிகையில் போட்ட நேரம் மாதிரி.

"அந்தக் கூலி ஆளுங்க? அவங்களும் போயிட்டாங்களா?"

"எந்தக் கூலி ஆளுங்க?"

அப்படியானால் மூட்டையில்லாத ஆள், வீட்டுச் செருப்புக்காரி, தூங்கின பையன் எல்லோரும் நிஜப் பயணிகள். நாலோங்கோ மட்டும் தனியாக, பாஷை தெரியாமல், அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறாள். அவள் போனும் அணைந்து கிடக்கிறது. வழி முழுக்கப் பிள்ளைகளைத் திட்டித் திட்டியே சார்ஜைத் தீர்த்திருந்தாள். ஒரே ஒரு தப்பு என்றாளே, அது இதுதான்.

அழுது நிற்கிற ஜாதியில்லை தியோபிஸ்டா. "அடுத்தது எப்ப?" என்று கேட்டாள். அரை மணியில் என்றதும் அப்போதே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கறி மடியில் ஆறியது. எட்டுப் பேரோடு வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. மலைகளெல்லாம் தேயிலையும் உருளைக்கிழங்குமாக ஏறி இறங்கின. அவள் எதையும் பார்க்கவில்லை. டிசம்பரில் கவூயா டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடப்பதும், தான் வாய் மூடி பின்னால் போவதும்தான் கண்ணில் ஓடியது. நடுவழியில் பஸ் நின்ற ஊரிலெல்லாம் எட்டிப் பார்த்தாள், கருவாட்டுக்காரி எங்காவது இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாளா என்று.

ரூபாவு பஸ் நிலையத்திலும் இமெல்டா இல்லை. "உகாண்டாக்காரம்மாவா? கீழ, ஏரிக்கு" என்றான் ஒரு மோட்டார் சைக்கிள்காரன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கரையில் மீன் விற்கும் பெண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இமெல்டா. சம்பாசா என்கிற பொடிமீனை வறுத்து ஒரு தட்டு நிறைய வைத்துத் தின்றுகொண்டு, அரைகுறை சுவாஹிலியில், இதை எப்படிக் காயவைக்க வேண்டும் என்று அவர்களுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா? கறி எங்க?"

"நாலோங்கோ, மன்னிச்சுக்கங்க. நான்..."

"கத்தினேன்டி முதல்ல. நிறுத்து, என் ஆளு வரணும்னு. டிரைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிட்டான். சரி, போடான்னு உக்காந்தேன். பக்கத்து சீட்டு காலி. காலை நீட்டினேன். என் ஆயுசுல பஸ்ல காலை நீட்டினது கிடையாது. அந்த மூட்டையில்லாத ஆளைக் கூலி ஆளுன்னியே, அவரு வாத்தியாரு. எங்க இறங்கணும்னு சொல்லி, இறக்கியும் விட்டுட்டுப் போனாரு."

"அப்ப ஒண்ணு தப்பாயிடுச்சு."

"யாருக்கு?"

தியோபிஸ்டா மீன் தட்டையும் இமெல்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் போய் ஏரியைப் பாக்கணும்னுதானே பேச்சு? பாத்தேன். பாஷை தெரியாம, நீ இல்லாம, தனியா வந்து பாத்தேன். தப்பானது உனக்கு. எனக்கில்ல." இமெல்டா ஒரு மீனை வாயில் போட்டுக்கொண்டாள். "கைடு தொலைஞ்சும் ஆளு வந்து சேருதுன்னா, கைடு எதுக்குடி? உக்காரு. கறியைக் கொடு. ஆறிப்போச்சா?"

சந்தைக்குத் திரும்பியதும் இமெல்டா இந்தக் கதையைக் கடை கடையாகச் சொன்னாள். "காலி சீட்டோட கிளம்புற பஸ் இன்னும் பொறக்கல" என்பதைத் தியோபிஸ்டாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். கவூயா கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், கைடு இல்லாம..." என்று ஆரம்பித்தார்.

"கைடுதான் தொலைஞ்சா, ஸ்ஸெபோ, ஐயா. நான் போய்ச் சேந்துட்டேன்" என்றாள் இமெல்டா.

தியோபிஸ்டா கேலியை வாங்கிக்கொண்டாள். காலண்டர் தாளில் ஒரு வரி சேர்த்தாள்: பார்டர் தாண்டினால் சீட்டைப் பார்க்காதே, டிக்கெட்டைப் பார். அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்தாள். போகிற முப்பத்தொரு பேரையும் நாலு குழுவாகப் பிரித்தாள். ஒவ்வொரு குழுவும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏரிக்கரையில் சந்திக்க வேண்டும் என்றாள்.

டிசம்பரில் ஏஜென்ட் இல்லாமல் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தவர்கள், முப்பத்தொரு பேர்.