உல்லன் தாடி ராசா

என் அப்பாவை எங்கள் ஊரில் இன்றைக்கும் சிலர் ராசா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய பெயர் அதுவல்ல. நாமக்கல்லிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் யாராவது என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ ராசா மவதான கண்ணு?" என்று கேட்டால், எம்.எஸ்சி. முடித்து வேலைக்குப் போகிற எனக்குக் காதோரம் சூடாகிவிடுகிறது. ஆமாங்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். கேட்பவர்கள் கேலிக்காகக் கேட்பதில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்க வழியில்லை. அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இப்போதும் இல்லை, அப்போது சுத்தமாக இல்லை. கேட்க ஆள் இருந்தால் பஸ் போர்டைக்கூட உரக்க வாசிப்பேன். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை, வரிசையில் நிற்கிறவர்கள் வேண்டாம் என்றாலும், கடைசி வரி வரை படித்துக் காட்டுவேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டோடு சரி. ஒன்பதாவது படிக்கச் செம்மேட்டுக்குப் போய் ஹாஸ்டலில் சேர வேண்டும். சேரப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. மலையில் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தை நாடு என்போம்; குண்டனி நாட்டில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது எங்கள் வயல். அதற்கு மேலே மாமாவின் நிலம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஊற்று இருப்பது அவர் நிலத்தில். அங்கிருந்து வாய்க்காலில் இறங்கி வரும் தண்ணீரில்தான் எங்கள் நெல் விளையும். தை பிறந்ததும் அப்பா வழக்கம்போல் நாற்று விட்டார். மாமாவோ தண்ணீரைத் தன் புது வாழைத் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார். நாற்று வளர்ந்து நடவுக்குத் தயாராக நின்றது, நடுவதற்குச் சேறு இல்லை. அம்மாவும் நானும் தூரத்து ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து நாற்றங்காலில் ஊற்றி அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தோம். தலையில் துணிச் சும்மாடு வைத்துக் குடம் சுமந்ததில் என் உச்சி மயிர் உதிர்ந்து போனது.

ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபடியே சொன்னார்.

"பொண்ண எங்கூட்டுக்குக் குடுத்துட்டா, அப்பறம் தண்ணி உங்குளுது எங்குளுதுன்னு இருக்குமா மாப்ள?"

முக்கியமான பேச்சு என்றால் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, தூசி இருக்கிறதோ இல்லையோ, இரண்டு தரம் உதறுவார். அதை அடுத்த தோளுக்கு மாற்றுவார். தொண்டையைச் செருமுவார். எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசுவார். அன்றும் அப்படியே கூரையைப் பார்த்தார்.

"சரிங்க மச்சான். புள்ளக்கிப் பரீட்சை முடியட்டும். என்ன, நாஞ்சொல்றது?"

பரீட்சை முடிந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேச்சானது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷம்தான். நீலப் பட்டுப் பாவாடை எடுப்பதாக மாமா சொன்னார். கொலுசு போடுவதாக அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளையான மாமா மகனுக்கு மீசை நன்றாக முளைத்திருந்தது, திருப்பூரில் அவர் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. மாமா வீட்டுக்குப் போவதும் செம்மேட்டுக்குப் போவதும் ஒன்றையொன்று அடித்துவிடும் காரியங்கள் என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை. நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு எல்லாமே சேர்ந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். பள்ளியில் பாவாடையின் நிறம் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

எங்கள் சமூக அறிவியல் டீச்சர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். மலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்ற வருத்தத்தை எங்களுக்கு நாடகம் கற்றுக்கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். ஆண்டு விழாவுக்கு வழக்கமாக சினிமாப் பாட்டுக்கு ஆடுவோம். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. கிரேக்க தேசத்துக் கதை ஒன்றைச் சொன்னார்.

அகமெம்னன் என்று ஒரு ராஜா. சண்டைக்குப் போக ஆயிரம் கப்பலோடு கடற்கரையில் நிற்கிறான். காற்று அடிக்கவில்லை. அவன் கொன்ற ஒரு மானுக்காகக் காட்டுத் தெய்வம் கோபித்துக் காற்றை நிறுத்தி வைத்திருக்கிறது. மூத்த மகளைப் பலி கொடுத்தால்தான் காற்று வரும். உண்மையைச் சொன்னால் பெண்ணை அனுப்ப மாட்டாளே என்று, கல்யாணம் வைத்திருக்கிறேன், மகளை அழைத்து வா என மனைவிக்குச் சொல்லி அனுப்புகிறான். பெண் பூ வைத்துக்கொண்டு சந்தோஷமாக வருகிறாள். பிறகு போர் முடிந்து வீடு திரும்பும் ராஜாவை மனைவியே கொல்கிறாள். அவளை அவர்கள் மகன் கொல்கிறான். ஒரு குடும்பம் இருந்த இடம் தெரியாமல் போன கதை. அவ்வளவு ரத்தத்துக்கு நம்மிடம் சிவப்பு மை கிடையாது, பலிபீடத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார் டீச்சர். கடைசி நொடியில் தெய்வம் ஒரு மானை வைத்துவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மானுக்கு ஒரு பழுப்புப் போர்வை தயாராக இருந்தது.

ராஜா வேஷத்தை நான் கேட்டு வாங்கினேன். பையன்கள் வேல் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க மட்டுமே சம்மதித்தார்கள். மகளாக நடிப்பவளுக்கு அழுவதைத் தவிர வேலை இல்லை. பேச்செல்லாம் ராஜாவுக்குத்தான். கறுப்பு உல்லன் நூலில் தாடி, ஜிகினாக் காகிதத்தில் கிரீடம், தோளில் டீச்சரின் ஊதா நிறத் துப்பட்டா.

ஒரே ஒரு சிக்கல். ராஜா எப்படி நிற்பான், எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. பெரிய மனிதர் ஒருவர் யோசித்து முடிவு சொல்வதை நான் பார்த்தது ஒரே இடத்தில்தான். ஒத்திகையில் துப்பட்டாவை எடுத்து இரண்டு தரம் உதறினேன். அடுத்த தோளுக்கு மாற்றினேன். செருமினேன். மேலே பார்த்தேன்.

டீச்சர் கை தட்டினார். "அப்படியே ராஜாதான்! எங்கடி புடிச்ச?"

நான் சொல்லவில்லை. என் சொந்தச் சரக்கு என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்டு விழா பிற்பகலில் நடந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல், மைக் செட், முன்வரிசையில் நாற்காலிகள். ஊரில் முக்கியஸ்தர் என்பதால் மாமாவும் அத்தையும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பெண்களோடு தரையில். அப்பா பின்னால் பலா மரத்தடியில் நின்றார். சலவைக்குப் போட்டு வாங்கிய வெள்ளைத் துண்டு அவர் தோளில் இருந்தது.

நான் மேடைக்கு வந்து துப்பட்டாவை உதறியதுமே கூட்டத்தில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"அடேய், இது நம்ம பள்ளத்து வயக்காரராட்டமே இருக்குதுடா!"

சிரிப்பு அலையலையாக எழுந்தது. தலைகள் எல்லாம் பலா மரத்தடிக்குத் திரும்பின. "ராசா! ஏனுங்க ராசா!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். மகள் தன்னை மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. செருமினேன், அதற்கும் சிரித்தார்கள். மேலே பார்த்தேன், அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் வேண்டும் போல இருந்தது.

காற்று இல்லை, கப்பல் நகரவில்லை, மகளைக் கேட்கிறது தெய்வம் என்று பூசாரி வேஷம் போட்டவள் ஒப்பித்து முடித்தாள். இனி என் முறை. 'நம் மகளை அழைத்து வா, அவளுக்கு மணம் முடிக்கப்போகிறேன்' என்று டீச்சர் எழுதிய சுத்தமான தமிழ் வசனம். நான் அதைச் சொல்லவில்லை. துப்பட்டாவை உதறி மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்பாவின் குரலிலேயே சொன்னேன்.

"புள்ளயக் கூட்டிக்கிட்டு வா. கலியாணம் வெச்சிருக்குது. என்ன, நாஞ்சொல்றது?"

சிரிப்பு ஆரம்பித்தது, பாதியில் நின்றது. குழாயைத் திருகி மூடியது போல நின்றது. அந்த அமைதியில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"காத்துக்கா, தண்ணிக்கா?"

அதன் பிறகு எழுந்தது வேறு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை இடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னாலேயே எழுந்த அத்தை, எல்லோர் காதிலும் விழும்படி, "தாடி வெச்ச புள்ளயவா எம்மவனுக்குக் கட்டறது?" என்றாள். இருவரும் நாற்காலிகளுக்கு நடுவே வெளியேறினார்கள்.

நான் பலா மரத்தடியைப் பார்த்தேன். அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்திருந்தார். பழக்கத்தில் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. உதறினால் சிரிப்பார்கள். தோளில் போட்டாலும் சிரிப்பார்கள். எதுவும் செய்ய முடியாமல் அந்த வெள்ளைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றதெல்லாம் மங்கிவிட்டது. அந்தக் கையும் துண்டும் மட்டும் நேற்றுப் பார்த்தது போல இருக்கின்றன.

என் தாடியின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர், "வசனம்! வசனத்தைச் சொல்லுடி!" என்றார். நான் கழன்ற பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தலைமை ஆசிரியர் திரையை இழுக்கச் சொல்லிவிட்டார். பழுப்புப் போர்வைக்கு வேலையே வரவில்லை.

பொழுது சாய நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா முன்னால் போனாள். நான் விசும்பிக்கொண்டே வந்தேன். கன்னத்தில் பசை காய்ந்து இழுத்தது. தாடி கழன்றதால்தான் சிரித்தார்கள், தாடி வைத்ததால்தான் அத்தை என்னை வேண்டாம் என்றாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீலப் பாவாடை போயிற்று. கொலுசு போயிற்று. ஊருக்கு முன்னால் மானம் போயிற்று.

காய்ந்து கிடந்த வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் அப்பா நின்றார்.

"கண்ணு, அந்தப் புள்ள கடைசீல செத்துப் போச்சா?"

எந்தப் புள்ளை என்று கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். "இல்லீங்கப்பா. சாமி அந்த எடத்துல ஒரு மானை வெச்சுட்டுப் புள்ளயத் தூக்கிட்டுப் போயிரும். தூர தேசத்துக் கோயில்ல பூச பண்ற வேல குடுத்துரும்."

"அவங்கப்பன் மறுக்கா பாக்கவே இல்லியா?"

"இல்ல."

"அங்க நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அந்த ராசா?"

"அவருக்குக் காத்தடிச்சுது. சண்டையில செயிச்சு ஊட்டுக்கு வந்தாரு. வந்ததும் பொண்டாட்டி கொன்னு போட்டா."

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமல், "நல்ல வேல செஞ்சா" என்றாள்.

அப்பா சிரித்தார் என்று நினைக்கிறேன். இருமலாகவும் இருக்கலாம். டீச்சர் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார் என்று, அத்தனை அவமானத்திலும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

மறுநாள் நான் எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. விடியலிலேயே மாமா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டார், இப்போது வயலில் இருக்கிறார் என்றாள் அம்மா. என் தலையை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாமன் ஊட்டுல உன்ன வேண்டான்னுட்டாங்களான்னு யாராச்சும் கேட்டா, ஆமான்னு சொல்லிரு. வேற ஒண்ணும் பேசாத."

அழுகை வந்தது. அத்தை சொன்னது உறுதியாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வயலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடப் பாதை. எங்கள் மாடுகள் இரண்டும் நாற்றங்காலுக்குள் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் குடம் சுமந்து காப்பாற்றிய நாற்றை வாய் நிறைய இழுத்து இழுத்துத் தின்றன. கத்திக்கொண்டே ஓடினேன். மாடு அவிழ்த்துக்கொண்டது தெரியாமல் அப்பா எங்கே போனார் என்று நினைத்தேன்.

அப்பா வரப்பிலேயே நின்றிருந்தார். இரண்டு மாடுகளின் கயிறுகளும் அவர் கையில் இருந்தன.

"உடு கண்ணு. திங்கட்டும். அந்தத் தண்ணி நமக்கு வேண்டாம்" என்றார்.

தோளில் துண்டு இல்லை. கூரையைப் பார்ப்பது போல மேலேயும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அது எனக்குப் பயமாக இருந்தது. நான் செய்து வைத்த அவமானத்தில் அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே முடிவு செய்தேன். நேர்ப் பாதையில் போனால் அவரைத் தாண்டிப் போக வேண்டும். முகத்தைக் காட்ட முடியாமல், மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்குள் புகுந்து, சுற்று வழியில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.