கம்பியில் காயப்போட்ட வேட்டி

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு டெல்லிக்கு வந்தேன். என் கணவர் அங்கே ஒரு ரேடியோ டவரைப் பராமரிக்கும் என்ஜினியர். டவரை ஒட்டியே குவார்ட்டர்ஸ். ஒல்லியான, மிக உயரமான டவர் அது. சுற்றிலும் இழுத்துக் கட்டிய, கம்பிகளைப் புரிபுரியாக முறுக்கிய இரும்பு வடங்கள்தான் அதைச் சாயாமல் பிடித்திருந்தன. அதில் ஒன்று எங்கள் கொல்லைப்புறம் வரை இறங்கி ஒரு கான்கிரீட் மேடையில் முடிந்தது. வெள்ளி பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும்.

"அதுல மட்டும் துணி போட்டுடாதே" என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்.

ஒருநாள் இரவெல்லாம் மழை. காலையில் பார்த்தால் துணிக்கொடி அறுந்து கிடந்தது. சாயங்காலம் கரோல்பாகில் கல்யாணம், அவருடைய பட்டுக்கரை வேட்டி காய வேண்டும். வடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். மத்தியானம் எடுத்தபோது வேட்டியில் பழுப்புக் கோடுகள்.

சாப்பிட வந்தவரிடம் பயந்துகொண்டே நீட்டினேன்.

"எங்க போட்டே?"

"கம்பியில."

திட்டவில்லை. வேட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "வடத்துக்கு வெளியில ஒரு பொட்டுத் துரு கிடையாதே" என்றவர், நேரே கொல்லைக்குப் போய் வடத்தின் அடிப்பக்கம் விரலால் தடவினார். விரல் பழுப்பானது. "உள்ளே அரிச்சிருக்கு. மழைத்தண்ணி புரிக்குள்ள இறங்கி இங்க கசியுது."

தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்க, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினார். கல்யாணத்துக்கு பேன்ட்டில்தான் வந்தார். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் துருவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்தார்கள். பக்கத்தில் தற்காலிகமாக வேறொரு வடம் கட்டி, பழையதைத் தளர்த்தி, மர ஆப்பு செருகிப் புரிகளைப் பிரித்தார்கள். செங்கல்பொடி மாதிரி துரு கொட்டியது. உள்கம்பிகள் சில அறுந்தே போயிருந்தன. அதனடியில்தானே தினம் பாத்திரம் தேய்த்தேன்.

பஞ்சாபி மேலதிகாரி என்னிடம் ஏதோ ஹிந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அச்சாவைத் தவிர எனக்கு அப்போது ஹிந்தி தெரியாது.

"என்னங்க சொல்றார்?"

"பாபிஜி, அதான் நீ, எல்லா வடத்துலயும் வேட்டி காயப்போடணுமாம்."

விளையாட்டுக்குச் சொன்னாலும், மற்ற வடங்களின் அடியிலும் வெள்ளைத்துணி சுற்றி அடுத்த மழைக்குக் காத்திருந்தார்கள். இன்னொன்றும் அகப்பட்டது.

குளிர் தொடங்குமுன் இரண்டையும் மாற்றினார்கள். வேலை முடிந்த அன்று எல்லோருக்கும் வெங்காய பஜ்ஜி போட்டேன். மேலதிகாரி தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்.